அடுத்து என்ன படிக்கலாம்? எழுத்தாளரிடமே கேளுங்கள்!

புத்தகம் படிக்க ஆசை இருக்கும், நேரத்தையும் எப்படியோ ஒதுக்கிவிடுவோம். ‘அடுத்து எதை எடுப்பது?’ என்பதில்தான் வண்டி நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கியது இருபதாம் பக்கத்திலேயே கொட்டாவி வரவைத்தால் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் வீட்டில் கையாளும் வழி சுலபமானது. ஒரு கதை பிடித்துவிட்டால், எழுதியவரின் ஊர், கூட்டாளிகள், வீட்டு மனிதர்கள், அவர் விரும்பிப் படித்தவை என்று நூல் பிடித்துப் போய்க்கொண்டே இருப்போம். பர்ஸும் இளைக்காது, ஏமாற்றமும் அதிகம் இருக்காது. உங்கள் வீட்டுக்கும் உதவுமே என்று சில குறிப்புகள்.

1. முதலில் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்து பைசா வீதம் நூலக வரியும் அதில் சேர்த்தே நம்மிடம் வாங்குகிறார்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. கட்டிய காசுக்குப் பலன் எடுக்காமல் விடுவானேன்? இந்த வாரமே கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிடுங்கள்.

2. ஓர் எழுத்தாளர் நமக்கு ஒத்துவருவாரா என்று தெரியாதபோது அவருடைய தடிமனான நாவலில் கை வைக்காதீர்கள். சாகித்திய அகாதெமியின் ‘இந்திய இலக்கியச் சிற்பிகள்’ வரிசையில் அவரைப் பற்றி வந்த சிறு நூல் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறப்பு, வளர்ப்பு, பாதித்தவர்கள், எழுதியவை எல்லாம் ஒரு மத்தியானத்தில் படித்துவிடுகிற அளவில் இருக்கும். விலையும் கையைக் கடிக்காது.

3. சிறுகதைத் தொகுப்பை எடுத்து, நடுவில் ஏதாவது ஒரு கதையை நூலகத்திலேயே உட்கார்ந்து படியுங்கள். பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாம். சோற்றுக்கு ஒரு பருக்கை பதம் பார்ப்பது நமக்குப் புதுசா என்ன!

4. பிடித்த எழுத்தாளரின் பால்ய சிநேகிதர் யார் என்று கேட்டு வையுங்கள். கி. ராஜநாராயணனைப் படித்தவர்கள் அடுத்து கு. அழகிரிசாமியைத் தேடலாம். இருவரும் கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கிராமத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள், இருவருக்குமே சங்கீதப் பித்து உண்டு. அழகிரிசாமி 1970-இல் போய்விட்டார், கி.ரா. 2021 வரை இருந்தார். அழகிரிசாமி தன் நண்பருக்கு எழுதிய கடிதங்களே தனிப் புத்தகமாக வந்திருப்பதால், இரண்டு பேரின் கதைகளுக்கு நடுவே அதைப் படித்தால் ருசி கூடும்.

5. ஊரை வைத்துத் தேடுவதும் நல்ல வழி. திண்டுக்கல் பக்கத்து வத்தலக்குண்டு என்ற ஒரே ஊர், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதி 26 வயதிலேயே மறைந்த ராஜமய்யர், ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையா, ‘வாடிவாசல்’ சி.சு. செல்லப்பா என்று மூவரைக் கொடுத்திருக்கிறது. உங்கள் சொந்த ஊர், புகுந்த ஊர் இரண்டிலும் யார் யார் எழுதினார்கள் என்று நூலகரிடம் கேட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள்.

6. கும்பகோணத்துக் கோஷ்டிக்கு மட்டும் ஒரு முழு கோடை விடுமுறையை ஒதுக்கிவிடுங்கள். மூத்தவர்கள் ந. பிச்சமூர்த்தியும் கு.ப. ராஜகோபாலனும், அவர்களைப் பார்த்து எழுத வந்த இளையவர்கள் தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு. ‘மோகமுள்’ளில் தொடங்குங்கள். அது முடிந்த கையோடு வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’யை எடுத்தால் அதே ஊரின் நெசவாளர் தெரு, சௌராஷ்டிரக் குடும்பங்கள் என்று வேறொரு கும்பகோணம் தெரியும். பிறகு அவருடைய ‘என் இலக்கிய நண்பர்கள்’; இவர்கள் எல்லாரும் மனிதர்களாக நம் திண்ணையில் வந்து உட்காருவார்கள். ‘காதுகள்’ நாவலைக் கடைசிக்கு வையுங்கள். காதுக்குள் இடைவிடாமல் குரல்கள் கேட்டு அவர் பட்ட அவஸ்தையிலிருந்தே பிறந்த நாவல் அது, ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டாம்.

7. விருதுப் பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. கல்கிக்கு 1956-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது ‘அலை ஓசை’க்கு, ‘பொன்னியின் செல்வ’னுக்கு இல்லை, தி. ஜானகிராமனுக்கு 1979-இல் ‘சக்தி வைத்தியம்’ தொகுப்புக்கு, ‘மோகமுள்’ளுக்கு இல்லை. பட்டியலில் எழுத்தாளர் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, எந்தப் புத்தகம் என்பதைப் படித்தவர்களிடம் விசாரியுங்கள்.

8. அந்தப் பட்டியலில் இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். விருது ஆரம்பித்ததே 1955-இல்தான். புதுமைப்பித்தன் 1948-லேயே காசநோய்க்குப் பலியாகிவிட்டார்.

9. ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் நூலக அலமாரியில் பாதிப் புத்தகங்கள் கண்ணில் படாமலே போய்விடும். சரித்திர நாவல் ‘திருவரங்கன் உலா’ எழுதிய ஸ்ரீவேணுகோபாலன்தான், குற்றக் கதைகளில் புஷ்பா தங்கதுரை! கதையில் வண்ணதாசன், கவிதையில் கல்யாண்ஜி. பட்டியலில் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள்.

10. எழுத்தாளர் வீட்டுப் பெண்களையும் கவனியுங்கள், நாம் கவனிக்காவிட்டால் யார் கவனிப்பார்கள்? கண்ணில் புரை விழுந்து கு.ப.ரா. எழுத முடியாமல் தவித்தபோது அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தவர் தங்கை கு.ப. சேது அம்மாள், அவரே பின்னால் கதாசிரியை ஆனார். புதுமைப்பித்தனின் மனைவி கமலாவும் கதைகள் எழுதியிருக்கிறார். புதுமைப்பித்தன் அவருக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் கிடைக்கின்றன. கதைகளில் அவ்வளவு நக்கல் பேசுகிற மனிதர், வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் வேறு ஆள்.

11. புதுமைப்பித்தனிலிருந்து கார்க்கிக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. அவருடைய இளைய நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’ முதல் படி. பிறகு ரகுநாதனின் சொந்த நாவல் ‘பஞ்சும் பசியும்’, அதற்கடுத்து அவர் தமிழில் கொடுத்த கார்க்கியின் ‘தாய்’. மூன்று புத்தகத்தில் திருநெல்வேலியிலிருந்து ருஷ்யா போய்விடலாம்.

12. நல்ல ரசனை உள்ள ஒருவரின் பட்டியல் கையில் இருந்தால் நம் வேலை பாதி மிச்சம். க.நா.சு.வின் ‘படித்திருக்கிறீர்களா?’ இந்தக் காரியத்துக்கென்றே பிறந்த புத்தகம். இன்னும் சமீபத்தியது வேண்டுமென்றால், தமிழ் எழுத்தாளர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்யும் எஸ். ராமகிருஷ்ணனின் ‘கதாவிலாசம்’ இருக்கிறது. அவரே தொகுத்த ‘100 சிறந்த சிறுகதைகள்’ வீட்டில் இருந்தால், கரண்ட் போன சாயங்காலங்களுக்கு ஒரு வருஷம் கவலையில்லை.

13. மொழிபெயர்ப்பு வாங்கும்போது அட்டையில் இருக்கும் வெளிநாட்டுப் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரையும் பாருங்கள். க.நா.சு. கொடுத்த ‘நிலவளம்’ (நட் ஹாம்சன்), ‘அன்பு வழி’ (பேர் லாகர்குவிஸ்ட்), ‘மதகுரு’ (செல்மா லாகர்லெவ்) மூன்றுமே நோபல் பரிசு பெற்றவர்களின் நாவல்கள். சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து கொண்டுவந்த தகழியின் ‘செம்மீன்’, ‘தோட்டியின் மகன்’ இரண்டையும் அதே நம்பிக்கையில் எடுக்கலாம்.

14. வங்காள, உருது நாவல்களை மலிவாகப் படிக்க நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் நமக்கு ரேஷன் கடை போலத்தான். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’, குர்அதுலைன் ஹைதரின் ‘அக்னி நதி’ என்று மூன்று பெயர்களைச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பு கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள், சிலது அச்சில் இல்லாமல் வருஷக்கணக்காகக் காக்க வைக்கும்.

15. பழைய சோவியத் தமிழ்ப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மாஸ்கோவில் அச்சாகி இங்கே சல்லிசாக விற்ற முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்புகளை இன்று தேடித் திரிகிறார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுப் புதுசுக்குச் செலவு செய்யலாம்.

16. நாட்டுடைமையான நூல்களுக்குக் காசே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றை இலவசமாகவே படிக்கலாம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை குவிந்து கிடக்கிறது. செல்போன் எழுத்து சின்னதாக இருக்கிறது என்கிற மாமனாருக்கு டேப்லெட்டில் பெரிதாக்கிக் கொடுங்கள்.

17. இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் ஆனால் காப்புரிமை முடிந்துவிடும், அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் ஒரே நாவல் பத்து அட்டைகளில், பத்து விலைகளில் தொங்குகிறது. விலை குறைந்ததை வாங்குமுன் இரண்டு பக்கம் புரட்டி எழுத்துப் பிழையும் ‘சுருக்கப்பட்ட பதிப்பு’ என்ற பொடி எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். புதுமைப்பித்தன் கதைகளுக்கு மட்டும் சிக்கனம் பார்க்காமல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்ததை வாங்கலாம், தலைமுறைக்கும் இருக்கும்.

18. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை. முதல் பாகத்தை நூலகத்தில் எடுங்கள். வந்தியத்தேவன் உங்களை இழுத்துக்கொண்டு போனால் மிச்சத்தை யோசிக்கலாம். முடித்த பிறகு ‘அப்படியென்றால் நிஜத்தில் என்னதான் நடந்தது?’ என்று வீட்டில் சண்டை வரும். அதைத் தீர்க்க, கல்கி துணைகொண்ட நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ம் இருக்கின்றன. கல்கியின் கதையே வேண்டுமென்றால் சுந்தா எழுதிய ‘பொன்னியின் புதல்வர்’.

19. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொடர்கதைகள் உறவுக்காரர் வீட்டுப் பரணில் இருக்கிறதா? மணியம், கோபுலு ஓவியங்களோடு படிப்பது தனி சுகம், புதுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் இருக்காது. நடுநடுவே வரும் பழைய விளம்பரங்களுக்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

20. சினிமா பார்த்துவிட்டு மூலக்கதையைத் தேடுவது, படிக்க மறுக்கும் பிள்ளைகளுக்கும் கணவன்மாருக்கும் கைகண்ட மருந்து. ‘அசுரன்’ பார்த்தவர் கையில் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுங்கள். ‘உதிரிப்பூக்கள்’ பிடித்தவருக்குப் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’, ‘விசாரணை’ பார்த்தவருக்கு மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, ‘பூ’ பார்த்தவருக்கு ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’. எது நன்றாக இருந்தது என்ற வாக்குவாதத்தில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் நன்றாகப் போகும்.

21. விட்டுப்போன வாசிப்புப் பழக்கத்தை மீட்க ஒல்லிப் புத்தகமே நல்லது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இரண்டும் கைப்பையில் அடங்கும். குழாயில் தண்ணீர் வராத நாளில் முதலாவதைப் படித்தால் அதன் நாயகி ஜமுனா யாரென்று சொல்லாமலே புரியும்.

22. செல்லப்பாவைப் படிக்கும்போது அவர் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகையைக் கைக்காசைப் போட்டு நடத்தியவர், புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அதைக் கேட்டபின் புத்தகத்தின் மூலையை மடிக்கக் கை கூசும்.

23. வட்டார வழக்கு புரியவில்லை என்று நல்ல நாவலை மூடிவைக்காதீர்கள். கரிசல் சொல்லுக்கு கி.ரா.வும், கொங்குச் சொல்லுக்குப் பெருமாள்முருகனும் அகராதியே போட்டு வைத்திருக்கிறார்கள். பெருமாள்முருகனுக்குப் பிடித்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரம், 1942-இல் வந்த அவருடைய ‘நாகம்மாள்’ சின்ன நாவல்தான், அகராதி இல்லாமலே ஓடிவிடும்.

24. தொழிலை வைத்தும் புத்தகம் தேடலாம். ராஜம் கிருஷ்ணன் கதை எழுதுமுன் அந்தந்த இடத்துக்கே போய் மக்களோடு பழகி எழுதியவர். தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களுக்குக் ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களுக்கு ‘அலைவாய்க் கரையில்’, நீலகிரி படுகர்களுக்குக் ‘குறிஞ்சித்தேன்’. அடுத்த முறை சுற்றுலா போகிற ஊருக்கு ஏற்றதைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

25. வாழ்க்கை வரலாறு என்றாலே அலுப்பு என்பவர்களுக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சின்னவை. குக்கர் விசில் வருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். தமிழ் சொல்லித்தர வாத்தியார் தேடி அந்தக் குடும்பம் ஊர் ஊராகக் குடிபோன கதையைப் படித்தால், டியூஷனுக்கு முணுமுணுக்கிற பிள்ளையிடம் சொல்ல நிறைய விஷயம் கிடைக்கும். 1942-இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோன நூல் இது. தொடர்ச்சி தேடி அலையாதீர்கள்.

26. சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ வரிசைப் புத்தகங்கள் எல்லாம் ஒல்லி ஒல்லியானவை. ஜீவா, க.நா.சு., கிருஷ்ணன் நம்பி என்று அவர் பழகிய ஒவ்வொருவரைப் பற்றியும் ஒன்று. கிருஷ்ணன் நம்பியை அதில் சந்தித்துவிட்டு அவருடைய ‘மருமகள் வாக்கு’ கதையை எடுங்கள். தேர்தல் காலத்தில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து படிக்கத் தோதானது; அதன்பின் வரும் விளைவுக்கு நான் பொறுப்பில்லை.

27. வெளிநாட்டு எழுத்தாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அ. முத்துலிங்கத்தின் ‘வியத்தலும் இலமே’ போதும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து கனடாவில் இருக்கும் அவர், எழுத்தாளர்களை நேரில் பார்த்துப் பேசியதைக் கதை போலச் சொல்லுவார். படிக்கும்போதே பக்கத்தில் ஒரு பென்சில் வையுங்கள், தேட வேண்டிய பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்.

28. இலங்கைப் புத்தகங்கள் இங்கே கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசம். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருந்த டொமினிக் ஜீவா 1966-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் விடாமல் நடத்திய ‘மல்லிகை’யின் இதழ்களை அதில் புரட்டினாலே ஈழத்து எழுத்தாளர் பெயர்கள் ஒரு கைநிறையக் கிடைக்கும்.

29. புத்தகக் காட்சிக்கு வெறுங்கையோடு போனால் பை கனக்கும், பர்ஸ் காலியாகும். நூலகத்தில் படித்து ‘இது வீட்டில் இருந்தே ஆகணும்’ என்று தோன்றியவற்றை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைக் காட்சியில் எல்லா அரங்கிலும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆகவே முதல் கடையிலேயே அவசரப்பட வேண்டாம். வேலைநாள் மத்தியானம் போனால் கூட்டமும் இருக்காது, சில சமயம் எழுத்தாளரே கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார். கூசாமல் பக்கத்தில் போய், ‘நீங்க இப்போ என்ன படிக்கிறீங்க?’ என்று கேளுங்கள். கையெழுத்தைவிட அந்தப் பதில் உபயோகமானது.

30. பழைய புத்தகக் கடைகளில், சென்னை என்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில், முதலில் பைண்டிங் தையலையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். துப்பறியும் நாவலில் கடைசித் தாள் இல்லாமல் போனால் எத்தனை மலிவாக வாங்கியும் புண்ணியமில்லை. முன்பு வைத்திருந்தவர் அடிக்கோடு போட்ட இடங்கள் இருந்தால் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

31. கை வேலையாக இருக்கிறதா? திருவண்ணாமலை பவா செல்லதுரை கதை சொல்வதை யூடியூபில் போட்டுவிட்டுக் கீரை ஆயுங்கள். கேட்டுப் பிடித்த கதையைப் புத்தகத்தில் தேடிப் படித்தால் இரட்டை லாபம்.

32. குழந்தைகளுக்கு, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பாட்டெழுதிய அழ. வள்ளியப்பாவில் ஆரம்பித்து வாண்டுமாமாவுக்கு வாருங்கள். படப் புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றால் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாடியேற முடியாத பெரியவர்களுக்கு, வீட்டுக்கே புத்தகம் கொண்டுவரும் ‘நூலக நண்பர்கள்’ உங்கள் ஊர்க் கிளையில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

33. அலமாரியை ஈரச் சுவரில் ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். தட்டுக்குத் தட்டு ஒரு துண்டு வசம்போ, நிழலில் உலர்த்திய வேப்பிலையோ வைத்தால் ராமபாணப் பூச்சி அண்டாது. புது வருஷம் பிறந்ததும் பழைய மாதக் காலண்டர் தாள்களை அட்டை போட எடுத்து வையுங்கள்.

34. இரவல் கொடுக்கும்போது, புத்தகமும் கையுமாக வாங்குகிறவரை நிற்கவைத்து செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சிரித்தபடி போஸ் கொடுப்பார்கள், யாரிடம் போனது என்ற குழப்பமும் நமக்கு இருக்காது. மூன்று மாதம் கழித்து அந்தப் படத்தை ஒரு வணக்கம் மட்டும் சேர்த்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மறுநாளே புத்தகம் வீடு வந்து சேரும்.